மின்சார லோடு வண்டி யாருக்குச் சரிவரும்?

சோழவந்தான் பக்கம் லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் என் மின்சார வண்டியின் பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" நான் திருப்பிக் கேட்பது வேறு. ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? நாளைக்கு எங்கே போகணும் என்று இன்றைக்கே தெரியுமா? இரண்டுக்கும் பதில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். இல்லையென்றால் டீசல் வண்டியே போதும்.

எனக்கு வாழை இலை வியாபாரம். விடியும் முன்னால் கட்டுகளை ஏற்றிக் கிளம்பி, மதுரை மாசி வீதி ஓட்டல்கள், அண்ணா நகர், கே.கே. நகர் மெஸ்கள், முகூர்த்த நாளென்றால் கல்யாண மண்டபங்கள் என்று சுற்றி வர எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் ஆகும். இலை இடத்தைத்தான் அடைக்கும், எடை குறைவு. அதனால் பேட்டரிக்குச் சிரமமில்லை.

டாடா ஏஸ் இ.வி., மஹிந்திரா ஜியோ போன்ற சின்ன வண்டிகளில் 21.3 கிலோவாட் மணி, அதாவது 21.3 யூனிட் பிடிக்கும் பேட்டரி வருகிறது. கம்பெனிக் கணக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். லோடோடு ஊருக்குள் ஓட்ட 100 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. தேங்காய், சிமென்ட் ஏற்றுகிறவர்கள் இன்னும் குறைத்தே கணக்குப் போடணும். பெரிய பேட்டரி போட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் 2022ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்கப் வண்டியில் இதைப்போல நாலரை முதல் ஆறு மடங்கு பேட்டரி. அதிலேயே பெரிய டிரெய்லரை இழுத்தால் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

செலவுக்கு வருவோம். டீசல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தாலும் என் ஓட்டத்துக்கு 5 லிட்டர், 450 ரூபாய்க்கு மேல். மின்சாரத்தில் சுமார் 20 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 200தான். ஆனால் வீட்டு மீட்டரிலேயே சார்ஜ் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். இரண்டு மாசத்தில் வண்டி மட்டுமே ஆயிரம் யூனிட் இழுக்கும். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் அதோடு சேர்ந்து மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். அங்கே யூனிட் 11 ரூபாயைத் தாண்டுகிறது. நான் தனி சர்வீஸ் வாங்கிவிட்டேன்.

ஒயரிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 15 ஆம்பியர் பிளக்கில் ஆறேழு மணி நேரம் விடாமல் கரன்ட் போகும். மிக்ஸிக்கு இழுத்த ஒயர் அதைத் தாங்காது. மீட்டரிலிருந்து நேராக 4 ஸ்கொயர் ஒயர், தனி டிரிப்பர், தனி எர்த். எங்கள் எலக்ட்ரீஷியன் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் இறக்கினார். கோடைக்காலத்தில் அதில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். சார்ஜ் ஏறும்போது பிளக்கைத் தொட்டுப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஏதோ லூஸ். சாயங்காலம் தோட்டத்து மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்கி சார்ஜர் தானாக நின்றுவிடும். அதனால் பத்து மணிக்கு மேல்தான் போடுவேன்.

சிறுமலையில் பழத்தார் ஏற்றப் போனது தனி அனுபவம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது காலி வண்டியே சார்ஜை மளமளவென்று குடித்தது. இறங்கும்போது பாரத்தோடு வந்ததால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைப் பிடித்துக் கரன்டைத் திருப்பி ஏற்றியது. பிரேக்கை அதிகம் மிதிக்கவே இல்லை.

ஊருக்குள் ஓட்ட இதைவிடச் சுகமான வண்டி இல்லை. மாசி வீதி நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து வரும் முழங்கால் வலி போயே போச்சு. ஆனால் சத்தமே கிடையாது, நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சந்துகளில் மெதுவாகத்தான் போகணும்.

பழுது என்றால் ரோட்டோர மெக்கானிக் கைவைக்க முடியாது. லேப்டாப்போடு கம்பெனி ஆள் வந்தால்தான் உண்டு. விலையும் டீசல் வண்டியைப்போல ஒன்றரை மடங்கு.

ஸ்டாண்டில் குட்டி யானை வைத்திருக்கும் சித்தப்பா மகன் கேட்டான்: "நானும் மாத்திடவாண்ணே?"

"மத்தியானம் ஒருத்தர் வீட்டுச் சாமானை ஏத்தி ராஜபாளையம் போகணும்னா என்னடா செய்வ?"

"போய்த்தானே ஆகணும்!"

"அப்ப உனக்கு இப்ப வேணாம். பால் வண்டி, மளிகை சப்ளைன்னு தினசரி ரூட் கிடைச்சா சொல்லு. நானே கூட வந்து பார்த்து எடுத்துத் தர்றேன்."