மங்கும் மருந்தும்: வெள்ளவத்தை நாட்குறிப்பு

பெப்ரவரி 12
தோல் வைத்திய நிபுணர் அறை விளக்கை அணைத்துவிட்டு, வூட் விளக்கின் புறஊதா ஒளியில் என் கன்னங்களில் படர்ந்த மங்கு என்னும் கருந்திட்டுகளைப் பார்த்தார். மேற்தோலில் உள்ள நிறமி அந்த ஒளியில் எடுப்பாகத் தெரியும். ஆழத்தில் இறங்கியது அவ்வாறு தெரியாது. எனக்கு இரண்டும் கலந்திருக்கின்றன. கருத்தடை மாத்திரை, தைரொயிட், குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தக்கட்டி வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வி திரனெக்சாமிக் அமில மாத்திரைக்காக: வெயில் பட்ட தோலில் நிறமிச் செல்களைத் தூண்டும் பிளாஸ்மின் என்ற நொதியை அது தடுக்கும், ஆனால் இரத்தம் உறைவதற்கும் இடங்கொடுக்கும். என் அம்மாவுக்குக் காலில் இரத்தக்கட்டி வந்திருந்ததால் அம்மாத்திரை பட்டியலிலிருந்து நீங்கியது.

மார்ச் 3
இப்போதைக்கு இரவில் பூசும் மும்மருந்துக் கிறீம் மாத்திரமே: ஐதரோகுவினோன் 4%, திரெற்றினொயின் 0.05%, ஃபுளூவோசினோலோன் 0.01%. 1975இல் தோல் வைத்தியர்களான கிளிக்மனும் வில்லிசும் வெளியிட்ட கலவையின் மென்மையான வடிவம் இது. முதலில் நிறமிச் செல்களை அடக்காமல் அமிலத்தால் மேற்தோலை உரிக்கும் பீலிங்கோ லேசரோ செய்தால், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்தப் புண்ணே புதிய கறுப்பாகிவிடும் என்பதால் இந்த வரிசை. ஐதரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் நீலக்கருமையாக மாறக்கூடும் என்பதால், நிறுத்த வேண்டிய திகதியும் மருந்துச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

"லேசர் அடிச்சால் ஒரே தரத்தில போயிடுமாம், மச்சாள்" என்று தம்பியின் மனைவி சொன்னாள். விளம்பரங்களும் அதைத்தான் சொல்கின்றன.

ஏப்ரல் 7
கொழும்பில் இந்நாட்களில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. பீலிங்கைப் புத்தாண்டுக்குப் பின்னர் பார்ப்போம் என்று வைத்தியர் தள்ளிவைத்தது எனக்கு நியாயமாகவே பட்டது. சன்ஸ்கிறீன் நிறமூட்டியதாக இருக்க வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுப்பாக்குவதால், அதைத் தடுக்கும் இரும்பு ஒக்சைட்டு அதில் இருக்க வேண்டும். காலி வீதியில் கடைக்குக் கடை வெள்ளைக் கிறீம்களே நிறைந்திருக்க, இதைத் தேடிப் பிடிப்பதுதான் பாடாயிற்று.

மே 6
முதல் பீலிங்: கிளைகோலிக் அமிலம் 30%. சில நாட்களுக்கு முன்பே திரெற்றினொயினை நிறுத்தியிருந்தேன். சுரீரென்று எரிந்தது, சோடாக் கரைசலால் அமிலத்தை முறித்ததும் தணிந்தது.

ஜூன் 18
பீலிங் செய்த தோல் முழுமையாக ஆறிய பின்னரே 1064 நானோமீற்றர் என்டி-யாக் லேசர், அதுவும் குறைந்த சக்தியில். நீண்ட அலைநீளம் ஆழம்வரை செல்லும். நனோசெக்கன் அளவிலான துடிப்பு, சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் நிறமித் துகள்களை உடைக்கும். ஆனால் அடிக்கடி செய்தால் வெள்ளைப் புள்ளிகள் விழக்கூடும். நிறுத்தியபின் மங்கு திரும்புவதும் சாதாரணம். ஆகவே, இவை அனைத்தையும் ஒரே நாளில் "பக்கேஜ்" ஆக விற்பவர்களை நான் நம்பவில்லை. இச்சிகிச்சைகளைச் சேர்ப்பதன் பயன் இடைவெளியில்தான் இருக்கிறது.

கன்னத்தின் ஓரங்கள் வெளுத்துவிட்டன. நடுவில் இன்னும் நிழல் இருக்கிறது. அடுத்த லேசருக்கு முன் புகைப்படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, தேவையில்லையென்றால் அசெலாயிக் அமிலக் கிறீமோடும் சன்ஸ்கிறீனோடும் நிறுத்திக்கொள்வதென்று முடிவாகியிருக்கிறது.