இஸ்ஃபஹான் சந்துகளில் ஃபுட்சல்

ஈரானுக்குப் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: மசூதி, பாலம், கம்பளம், குங்குமப்பூ. எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது: ஃபுட்சல், அதாவது உள்ளரங்கில் அணிக்கு ஐந்து பேராக ஆடும் கால்பந்து. ஆசிய ஃபுட்சலைக் கால் நூற்றாண்டாகத் தன் கையில் வைத்திருக்கும் அணி அந்த நாட்டுடையது. 1999-இல் கோலாலம்பூரில் முதல் ஆசியக் கோப்பை நடந்தபோது தொடங்கி, 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வேறு யாருக்கும் அவர்கள் கோப்பையை விடவில்லை. அப்படிப்பட்ட ஆட்டம் எந்தத் தெருவில் முளைக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 15 நாள் வரலாம் என்று ஈரான் அறிவித்தது. (அந்தச் சலுகை 2025 நவம்பரில் நின்றுவிட்டது.) மார்ச்சில் கிளம்பிவிட்டேன். ரமலான் மாதம். பகலில் ஊர் அடங்கிக் கிடக்கும், கடைகள் பாதி மூடியிருக்கும் என்று பயமுறுத்தினார்கள். ஆனால் ஃபுட்சல் பார்க்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. நோன்பு திறந்த பிறகு பேட்டைக்குப் பேட்டை ரமலான் கோப்பை என்று போட்டி நடத்துவது அங்கே வழக்கம்.

தெஹ்ரானின் தெற்கு பஸ் நிலையத்திலிருந்து இஸ்ஃபஹானுக்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். கோம், காஷான் தாண்டியதும் இருபுறமும் மண் நிற மலைகள்தான், வேறொன்றும் இல்லை. நம் வங்கி அட்டைகள் எதுவும் அங்கே செல்லாது என்பதால் மொத்தப் பணத்தையும் நோட்டாகக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

நான் தங்கிய விடுதி, நக்‌ஷ்-இ-ஜஹான் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பழைய வீடு. உரிமையாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஃபுட்சல் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் என்னை உட்கார வைத்துத் தேநீர் ஊற்றினார், தனக்கு நோன்பு இருந்தும். “மசூதி நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். நீங்கள் இன்றைக்கு ராத்திரி என்னோடு வாருங்கள்” என்றார்.

இஃப்தார் முடிந்தது. பேரீச்சம்பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி, கீரையும் நூடுல்ஸும் போட்ட ஆஷ் என்ற கெட்டி சூப், கடைசியில் நம்மூர் ஜிலேபிக்குத் தம்பி போல இருக்கும் சூல்பியா. அப்புறம் நடந்தோம். இரண்டு தெரு தாண்டியதும் பையன்கள் கோல் கூச்சீக் என்ற தெருக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு இரும்புக் கம்பியில் பற்றவைத்த இரண்டு சின்னக் கோல்கள். கோல்கீப்பர் கிடையாது. மோட்டார் சைக்கிள் வந்தால் ஒருவன் கோலைத் தூக்கி ஓரமாக வைப்பான், வண்டி போனதும் திரும்ப நடுவில் வைப்பான்.

நான் அதிக நேரம் பார்த்தது அந்தப் பந்தைத்தான். கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பந்து அது, கோடு போட்டது. அப்படியே உதைத்தால் காற்றில் எங்கேயோ போய்விடும். அதனால் ஓட்டையான பழைய பந்து ஒன்றை பிளேடால் கீறி, புதுப் பந்தை அதற்குள் திணித்துவிடுகிறார்கள். இரண்டு தோல் ஆனதும் பந்து கனமாகிறது, குதிப்பதும் குறைகிறது. ஒரு பையன் என் கண் முன்னாலேயே செய்து காட்டினான். கீறலை வாயகல விரித்து, முட்டியால் அழுத்தி, உள்ளே போனதும் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான். ஃபுட்சல் பந்தும் இதே குணம்தான்: கால்பந்தைவிடச் சிறியது, குறைவாகக் குதிப்பது. உள்ளங்காலால் அமுக்கி இழுத்து, ஒரு அடி இடத்தில் திரும்பித்தான் அதை ஆட முடியும். ஆறு வயதில் இந்த இரட்டைப் பந்தோடு பழகியவனுக்கு 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள உள்ளரங்கம் பெரிய மைதானமாகத்தான் தெரியும். ஈரான் ஏன் ஜெயிக்கிறது என்பதற்கு எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சந்தே போதுமான பதில்.

அங்கிருந்து பேட்டை உள்ளரங்கத்துக்குப் போனோம். பாதிப் பேர் நின்றுகொண்டுதான் பார்த்தார்கள். வெளியே போன பந்தை நான்கு நொடிக்குள் உள்ளே ஆட வேண்டும், ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் மூச்சுவிட நேரமே இல்லை. இஸ்ஃபஹான் சும்மா ஊர் இல்லை: 2010-இல் ஃபூலாத் மாஹான், 2012-இல் கீத்தி பசந்த் என்று இந்த ஊரின் இரண்டு கிளப்புகள் ஆசிய கிளப் கோப்பையை வென்றிருக்கின்றன.

இடைவேளையில் விடுதிக்காரரிடம் தேசிய அணியைப் பற்றிக் கேட்டேன். இத்தனை ஆசியக் கோப்பைகளில் எது பிடித்தது என்றால் அவருக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. தோற்ற வருடங்களை மட்டும் விரல் மடக்கிச் சொன்னார்: 2006, 2012, 2014, 2022. நான்கு முறையும் கோப்பையை எடுத்துப்போனது ஜப்பான். இந்த இரண்டு நாடுகளைத் தவிர வேறு எவரும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. 2014-இல் பெனால்டியில் போனதும், 2022-இல் குவைத்தில் 3-2 என்று போனதும் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஜெயிப்பது பழகிப்போன ஊரில் இப்படித்தான் ஆகும் போல. வென்றதை மறந்து தோற்றதை மட்டும் நினைவில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தலைமுறை போய் இன்னொரு தலைமுறை வந்த பிறகும் அதே உயரத்தில் நிற்பது, ஒரு பெரிய அணியை ஒரே ஒரு இரவில் சாய்ப்பதைவிடக் கஷ்டம். வஹித் ஷம்சாயீயை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்காக 392 கோல் அடித்தவர். அவர் ஓய்வு பெற்றால் அணி சரிந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். சரியவில்லை. பிறகு அவரே பயிற்சியாளராகத் திரும்பி வந்தார்.

சரி, ஒரே ஒரு இரவு என்றேனே, அதை விடுதிக்காரர் சொல்லாமல் இருப்பாரா? 2016 செப்டம்பர், கொலம்பியாவின் புக்கரமாங்கா. அதுவரை நடந்த ஏழு உலகக் கோப்பைகளில் ஐந்தை வென்ற பிரேசிலை 4-4 என்று நிறுத்தி, பெனால்டியில் வெளியே அனுப்பியது ஈரான். பிரேசிலின் ஃபல்காவோவுக்கு அதுதான் கடைசி உலகக் கோப்பை ஆட்டம், அன்றைக்கும் அவர் மூன்று கோல் போட்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் ஈரான் வீரர்கள் அவரைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தார்கள். “நாங்கள் அவரைப் பார்த்துத்தான் கற்றோம், அவரைத் தூக்காமல் யாரைத் தூக்குவது?” என்றார், ஏதோ தானே தூக்கியது போல. அரையிறுதியில் ரஷ்யாவிடம் 4-3 என்று விழுந்து, போர்ச்சுகலைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். 1992-இல் ஹாங்காங்கில் நான்காம் இடம் வந்ததைத் தாண்டிய ஒரே முறை அது. இறுதிப் போட்டிக்கு இன்னும் போனதில்லை.

விடுதிக்காரரின் தங்கை மகளும் எங்களோடு விடுதிக்கு நடந்து வந்தாள், கல்லூரி மாணவி. பெண்கள் அணியைப் பற்றி யாரும் கேட்பதில்லையே என்றாள். நியாயமான கோபம். 2015-இல் மலேசியாவில் 1-0, 2018-இல் பாங்காக்கில் 5-2 என்று இரண்டு ஆசியக் கோப்பைகளையும் ஜப்பானை வென்றே எடுத்தார்கள். ஆண்களைத் தூங்கவிடாத ஜப்பானைத்தான். 2015-இல் அணித் தலைவி நிலூஃபர் அர்தலான் அந்தப் பயணத்துக்கே போக முடியவில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கணவரின் சம்மதம் வேண்டும், அது கிடைக்கவில்லை. தலைவி இல்லாமல் போய் வென்ற கோப்பை அது. அவள் இதைச் சொன்ன வேகத்தில் என்னால் இடையில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

மறுநாள் மசூதி, முப்பத்துமூன்று வளைவுப் பாலம் எல்லாம் பார்த்தேன். அழகுதான், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய ஏப்ரலில் பாங்காக்கில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி. தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 4-1 என்று வென்று, ஷம்சாயீயின் பையன்கள் 13-ஆவது கோப்பையைத் தூக்கினார்கள். நான் விடுதிக்காரருக்கு வாழ்த்து அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு பூ மட்டும் வந்தது. செப்டம்பரில் உஸ்பெகிஸ்தான் உலகக் கோப்பை, நாக் அவுட்டின் முதல் சுற்றிலேயே மொராக்கோவிடம் 4-3. அன்றைக்கு ராத்திரி நீளமான குரல் பதிவு அனுப்பியிருந்தார். யாரை எப்போது உள்ளே அனுப்பியிருக்க வேண்டும், அடுத்த உலகக் கோப்பைக்கு யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாக. அணி வீரர் சாலார் ஆகாபூரை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார்.