கரியர் இல்லாத சைக்கிள்

2025 ஜனவரி 5, ஞாயிறு

வாங்கியாச்சு. முழுச் சைக்கிள் எண்டு சொல்ல ஏலாது, ஃபிரேம், ஃபோர்க், பெடலும் அதின்ர பல்லுச் சில்லும், துருப்பிடிச்ச ஒரு பின்சில்லு, அவ்வளவுதான். கொழும்பு மருதானையில ஒரு பழைய சாமான் கடைக்குப் பின்னால, மழைத்தண்ணி ஒழுகிற இடத்தில சுவரோட சாத்திக் கிடந்தது. ஜப்பான்ல இருந்து கொண்டெய்னர்ல வந்த பழைய ஸ்டீல் றோட் பைக், ஸ்டிக்கர் எல்லாம் உரிஞ்சு பேர் கூடத் தெரியேல்ல, ஆனா நகத்தால சுண்டினா கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் வருது, அதிலதான் விழுந்திட்டன். 18,000 சொன்னவர், ஒரு பிளேன் டீ குடிச்சு முடியிறதுக்குள்ள 14,500க்கு வந்திட்டார்.

2022ல பெற்றோலுக்கு நாள்கணக்கா வரிசையில நிண்ட நேரம் எண்டா இந்த விலைக்கு ஒரு சைக்கிள் மணி கூட வாங்கியிருக்க ஏலாது. அப்ப அடிபட்டு வாங்கின சைக்கிளுகள் இப்ப வெள்ளவத்தை ஃபிளாட்டுகளின்ர பல்கனியில துவாய் காயப்போட உதவுது.

திட்டம் இதுதான்: 75,000க்குள்ள ஓடக்கூடிய ஒரு சைக்கிள், ஏப்ரல்ல ஒரு சின்னப் போட்டி. வயசு 34, கணக்குப் பகுதியில வேலை, நாள் முழுக்கக் கதிரையில. வயித்தைப் பற்றி இப்போதைக்கு எழுதேல்ல.

அப்பா பல்கனிக்கு வந்து சுத்திச் சுத்திப் பாத்தார். "கரியர் பூட்ட இடம் இல்லையே?" இல்லை எண்டன். "ஸ்டாண்ட்?" இல்லை. "மட்கார்ட்?" அதுவும் இல்லை. "அப்ப என்னத்துக்குக் காசு குடுத்தனி?"

ஜனவரி 11, சனி

சீற் கம்பி கழருதில்லை. கம்பி அலுமினியம், குழாய் ஸ்டீல், ரெண்டுக்கும் நடுவில வருசக்கணக்கா வேர்வையும் ஈரமும் இறங்கினா அலுமினியம் அரிச்சு வெள்ளை மாவா வீங்கி ஸ்டீலைக் கவ்விப் பிடிச்சிடும், ஒட்டினது மாதிரித்தான். மூண்டு இரவு எண்ணெய் விட்டன், சுடுதண்ணி ஊத்தினன், சுத்தியலால தட்டினன், கீழ் வீட்டு அன்ரி மேல வந்து என்ன பிரச்சினை எண்டு கேட்டதுதான் மிச்சம்.

இண்டைக்கு ஓட்டோவில ஏத்திக்கொண்டு தெமட்டகொடையில ஒரு நானாட்ட போனன். நாப்பது வருசமா சைக்கிள் திருத்திற ஆள். பாத்தார், ஒண்டும் சொல்லேல்ல, கம்பியின்ர தலையை வைஸ்ல வச்சு இறுக்கினார். நான் கம்பியைத் திருப்பப் போறார் எண்டு பாத்தா, மனுசன் ஃபிரேமைப் பிடிச்சுத் திருப்பிறார்! முழு ஃபிரேமும் நெம்புகோல் மாதிரி. முதல்ல ஒண்டும் இல்லை, பேந்து பல்லுக் கூசிற மாதிரி ஒரு கிரீச், ஒரு நூல் அளவு அசைஞ்சுது, திரும்ப மற்றப் பக்கம், திரும்ப இந்தப் பக்கம், அரை மணித்தியாலம் முழுக்க அப்பிடியே. கடைசியாக் கழண்டு வரேக்க குழாய்க்குள்ள இருந்து அரிசிமா மாதிரி வெள்ளைத் தூள் கொட்டிச்சு.

"கடக்கரைல ஈந்துக்கிட்டு கிறீஸ் பூசாம ஒண்டும் பூட்டாதீங்க மகன்" எண்டார். 26.8 மில்லிமீற்றர் கம்பி, அந்த அளவு புறக்கோட்டையில தேடி அஞ்சு கடை ஏறி இறங்கி, கடைசியில அதையே தேச்சுத் திரும்பப் போடுறதா முடிவு. வைஸ்ன்ர பல்லுத் தடம் சீற்றுக்குக் கீழ மறைஞ்சிடும்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பொங்கிப் படைச்சு, ரெண்டு தரம் சக்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போட்டு பல்கனியில இருந்து பெடல் அச்சின்ர வலப்பக்கக் கப்பைக் கழட்ட வெளிக்கிட்டன். முக்கால் மணித்தியாலம் இழுத்தன். அப்பா பேப்பருக்கு மேலால பாத்துக்கொண்டே இருந்திட்டு "அது மறுபுரி, நீ இறுக்கிக்கொண்டிருக்கிறாய்" எண்டார். உண்மைதான், அந்தப் பக்கம் மட்டும் புரி எதிர்ப்பக்கம் வெட்டியிருப்பாங்கள், மிதிக்க மிதிக்கத் தானாக் கழண்டு போகாம இருக்க. கடிகார முள் சுத்திற பக்கம் சுத்தினாத்தான் கழரும்.

எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். 90களில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, கறன்ற் இல்லை, எல்லாமே சைக்கிள்தானே. சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ போட்டுச் செய்தி கேட்டதாம். "செய்தி வாசிக்கேக்க கை களைச்சா ஊரே ஏசும்" எண்டார். கேட்டுக்கொண்டே அச்சுக்குள்ள உருளுற பழைய போல்ஸ் எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவி முடிச்சன்.

ஜனவரி 26, ஞாயிறு

27 இஞ்சி, 700சி எண்ட ரெண்டு சில்லு அளவும் ஒண்டுதான் எண்டு ஒரு கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையா எனக்கு 27 இஞ்சி ரயர் ரெண்டு வித்தார், திருப்பி எடுக்கவும் இல்லை. ஒண்டில்லை! றிம்மில ரயர் குந்திற இடத்தின்ர விட்டம் 27 இஞ்சிக்கு 630 மில்லிமீற்றர், 700சிக்கு 622. எட்டு மில்லிமீற்றர் வித்தியாசம், ரயர் றிம்மில நிக்காமச் சுத்திக்கொண்டு விளையாடுது. நான் வாங்கின செகண்ட் ஹாண்ட் சில்லு ரெண்டும் 700சி. இதால இன்னொரு வில்லங்கம், சில்லு சின்னனானதால பிறேக் கட்டை நாலு மில்லிமீற்றர் கீழ இறங்க வேணும். முன்னுக்கு மட்டுமட்டா எட்டுது, பின்னுக்குக் கட்டை ரயரில உரசுது. நீளக் கை பிறேக் வாங்க வேண்டியதாப் போச்சு.

பின்சில்லும் நேரா உள்ள போகேல்ல. பழைய ஃபிரேம்ல பின்சில்லு பூட்டிற இடைவெளி 126 மில்லிமீற்றர், 8 கியர் ஹப், அதாவது சில்லின்ர நடு உருளை, 130. ஸ்டீல் எண்டபடியா நானா புரி வெட்டின ஒரு நீட்டுக் கம்பியை நடுவில குடுத்து ரெண்டு பக்கமும் நட்டை முறுக்கி முறுக்கி விரிச்சார், விட்டாக் கொஞ்சம் திரும்பிச் சுருங்கும் எண்டு கூடவே விரிக்கிறது. பேந்து ஒரு தைக்கிற நூலைப் பின்னால ஒரு பக்கத்தில கட்டி, முன் தலைக் குழாயைச் சுத்தி மற்றப் பக்கம் கொண்டுவந்து, நூலுக்கும் நடுக் குழாய்க்கும் இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்டா எண்டு பாத்தார். ஒரு நூலால ஃபிரேம் கோணலா எண்டு கண்டுபிடிக்கிறதை இண்டைக்குத்தான் பாத்தன். அலுமினிய ஃபிரேம்ல இந்த வேலையைச் செய்தா வெடிக்கும், ஒருத்தரும் செய்து பாக்காதேங்கோ.

பிறேக் லீவரோட சேந்த கியர் செகண்ட் ஹாண்ட்ல 28,000 கேட்டாங்கள். ஃபிரேமின்ர குறுக்குக் குழாயில பழைய கியர் லீவர் ரெண்டு இருக்கு, டிக் டிக் எண்டு விழாது, கையால உணர்ந்து போடுறது, எத்தனை கியர் எண்டாலும் ஏத்துக்கொள்ளும். 28,000 மிச்சம் எண்டு நானே என்ரை முதுகில தட்டிக்கொண்டன்.

மொத்தம் 71,200. அந்த 27 இஞ்சி ரயரைக் கணக்கில சேக்கேல்ல, அது அறியாமைக்குக் கட்டின வரி.

பெப்ரவரி 2, ஞாயிறு

முதல் ஓட்டம். விடிய அஞ்சு மணி, மரைன் டிரைவ், வெள்ளவத்தையில இருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும் போய் வந்தன். கடலும் ரெயில் பாதையும் பக்கத்தில, றோட்டில நாயும் நானும். சந்தோசம் எண்டா வேற எதைச் சொல்றது. ரெண்டாம் தரம் திரும்பி வரேக்க சீற் மெல்ல மெல்லக் கீழ இறங்கிறது விளங்கிச்சு, கிறீஸை அளவுக்கு மிஞ்சிப் பூசியிருக்கிறன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு ஒண்டு பாஞ்சு நாடு முழுக்கக் கறன்ற் போன நாள். நான் ஹங்வெல்லைக்குப் போய்த் திரும்பி, களனி ஆத்தோட வாற லோ லெவல் றோட்டில வெந்து அவிஞ்சு, பதினொண்டரை தாண்டி ஃபிளாட்டுக்கு வாறன், லிஃப்ட் செத்துப் போய்க் கிடக்கு. வீடு அஞ்சாம் மாடி.

சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின்ர சட்டப்படி போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையப்படாதாம். என்ரை சைக்கிள் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறாது, 10.9 கிலோ. மூண்டாம் மாடியில வச்சுப்போட்டுப் படியில இருந்திட்டன். கீழ் வீட்டு அன்ரி ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் குடிக்கிற உப்புப் பொடி) ஒண்டு கரைச்சுக் கொண்டுவந்து தந்தா, அவவுக்கு நான் ஏதோ வருத்தக்காரன் எண்ட முடிவு.

பெப்ரவரி 23, ஞாயிறு

பாராளுமன்றப் பக்கம், பொல்துவ சந்தியில இருந்து ஓடுற ஒரு குழுவோட முதல்தரம் போனன். பெரும்பாலும் சிங்கள ஆக்கள், என்னை "மல்லி" (தம்பி) எண்டாங்கள், என்ரை கியர் லீவரைப் பாத்து ஒரு அங்கிளுக்குக் கண் கலங்கிற அளவுக்குச் சந்தோசம், அவர் பெடியனா ஓடின காலத்துச் சாமானாம்.

தனியா ஓடேக்க எனக்கு மணிக்கு 30ல இருந்து 35 கிலோமீற்றருக்குப் போறதே சீவன் போற வேலை. அதுக்குக் காரணம் இருக்கு, காத்தைத் தள்ளிற வேலை வேகத்தின்ர மூண்டாம் அடுக்கில ஏறும், அந்த அஞ்சு கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 60 சதவீதம் கூட மிதிக்க வேணும். ஆனா முன்னுக்குப் போறவன்ர பின்சில்லுக்கு ஒரு முழம் பின்னால ஒட்டிக்கொண்டா மூண்டில ஒரு பங்கு மிச்சம். 36ல போய்க்கொண்டிருக்கிறன், மூச்சு வாங்கேல்ல, எனக்கே நம்பேலாமக் கிடந்தது. பயம் எண்டாப் பயம்தான், முன்சில்லு ஒரு தரம் தொட்டாலும் நிலம். அங்கிள் சொன்னார், முன்னுக்குப் போறவன்ர சில்லைப் பாக்காதே, அவன்ர தோளுக்கு மேலால பார் எண்டு. சொல்லுறது சுகம்.

மார்ச் 8, சனி

கிழமையில மூண்டு நாள் பயிற்சி. செவ்வாயும் வியாழனும் இருபது இருபது நிமிஷமா ரெண்டு தரம், கதைக்க ஏலாத அளவுக்கு. ஞாயிறு நீட்டு ஓட்டம், கதைச்சுக்கொண்டு ஓடக்கூடிய வேகம். இதய மீற்றர் வாங்கக் காசில்லை, ஆனாக் கதைக்க ஏலுதா இல்லையா எண்டு பாக்கிறது இலவசம்.

இண்டைக்கு ஒரு மணித்தியாலம் தனிய முழு மூச்சா ஓடிப் பாத்தன்: 29 கிலோமீற்றர் சொச்சம். பெல்ஜியம் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1972ல மெக்சிகோ சிட்டியில ஒரு மணித்தியாலத்தில 49.431 ஓடினவர். அவற்ற ஃபிரேமும் ஸ்டீல்தான், ஸோ சைக்கிளில பிழை இல்லை.

செயின் ஒவ்வொரு நாளும் துடைக்க வேண்டிக் கிடக்கு. கடல் காத்து, ஒரு இரவு விட்டாலே மண்ணிறமாப் போகுது.

மார்ச் 22, சனி

காய்ச்சல். ஒண்டும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

போட்டி. கொழும்புக்கு வெளிய ஒரு நேரான றோட், இந்த முனையில ஒரு தார் பீப்பா, அந்த முனையில ஒரு தார் பீப்பா, சுத்திக்கொண்டு வாறது. ஒரு சுத்து 4.5 கிலோமீற்றர், எட்டுச் சுத்து, 43 பேர். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தவ, பயத்தில ஒரு வாழைப்பழத்துக்கு மேல இறங்கேல்ல.

நேர் றோட்டில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ரெண்டு மாசம் பழகினது அதுதானே, கடைசிக்குக் கிட்ட ஒளிச்சுக்கொண்டு 37ல சும்மா போறன். பிரச்சினை பீப்பா. முன்னுக்குப் போறவை மெல்ல வளைஞ்சு உடன மிதிச்சு எடுக்கினம், நடுவில போறவை பிறேக் பிடிக்கினம், கடைசியில போற நான் கிட்டத்தட்ட நிக்கிறன். நான் வளைஞ்சு முடிக்கேக்க முன்னுக்குப் போனவன் அங்கால நாப்பதில போறான். அந்த இடைவெளியை அடைக்கக் கத்திக்கொண்டு மிதிக்க வேணும். ஒரு தரம் எண்டாப் பரவாயில்லை, பதினாறு தரம்.

அதோட அந்தக் கியர். மற்றவை பிறேக் பிடிச்சபடியே விரலால கியரை இறக்கிப் போடுவினம். எனக்குக் கியர் போட ஒரு கையை எடுத்துக் குழாயைத் தடவ வேணும், பக்கத்தில முழங்கை உரச ஆக்கள் வளையேக்க ஆர் கையை எடுப்பான்? அப்ப முன்னுக்கு 52 பல்லு, பின்னுக்கு 15 பல்லு எண்ட பாரக் கியரிலயே வளைஞ்சு வாறன். 15 கிலோமீற்றர் வேகத்தில அந்தக் கியருக்குப் பெடல் நிமிஷத்துக்கு 34 சுத்துத்தான் வரும், அரைக்கிற கல்லில உளுந்து அரைக்கிற மாதிரி. மற்றவன் தொண்ணூறு சுத்திறான்.

ஒன்பதாவது வளைவில நூல் அறுந்தது. பதினைஞ்சு மீற்றர்தான் இடைவெளி, கையை நீட்டினாப் பிடிக்கலாம் போலக் கிடந்தது, பேந்து முப்பது, பேந்து அவையின்ர சத்தமும் கேக்கேல்ல. மிச்சம் முழுக்கத் தனிய, காத்தோட. 31வது. எனக்குப் பின்னால வந்த ஆக்களில ரெண்டு பேருக்குக் காத்துப் போனது, அதையும் சொல்ல வேணும்.

வீட்டை வந்து படுத்திட்டன். அப்பா வந்து கட்டில் ஓரத்தில இருந்து முழுக் கதையும் கேட்டார். "வளைஞ்ச பிறகு ஏன் கியர் தேடுறாய், வளைய முன்னமே போட்டிருக்கலாமே" எண்டார். ரெண்டு மாசமா எனக்கு இது தோணேல்ல எண்டது 31வது இடத்தை விட நோகுது.

ஏப்ரல் 15, செவ்வாய்

வருசப்பிறப்பு முடிஞ்சு கொழும்பு வெறிச்சோடிப் போய்க் கிடக்கு, காலி வீதியில நடுவில பாய் போட்டுப் படுக்கலாம். எங்கட ஒழுங்கையில விடிய அஞ்சரைக்கு ஒரு தேங்காயை நடுவில வச்சிட்டு அதைச் சுத்தி வளைஞ்சன். பத்து மீற்றருக்கு முன்னமே ரெண்டு கியர் இறக்கு, கையை ஹாண்டிலுக்குக் கொண்டு வா, உள்பக்கப் பெடல் மேல, வளை, எழும்பி மிதி. முதல் பத்துத் தரம் தேங்காயை இடிச்சன். இருபதுக்குப் பிறகு கை தானாக் குழாய்க்குப் போச்சு, பாக்காமலே. நாப்பது தரம் எண்டு நினைக்கிறன், எண்ணிக்கை விட்டிட்டுது.

எதிர் ஃபிளாட் செக்கியூரிட்டி ஐயா கேற்றுக்குப் பக்கத்தில தேத்தண்ணிக் கப்போட நிண்டு எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருந்தவர், கடைசியாக் கேட்டார்:

"தம்பி, ஏதும் துலைச்சுப் போட்டீரோ? வெளிச்சம் பிடிக்கட்டோ?"