வாடை அடித்த நாளில் கோடியக்கரை

பூநாரைக்காகத்தான் போனேன். முதல் நாள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம். வேதாரண்யத்தில் அதிகாலை பஸ் ஏறியதிலிருந்தே வாடைக்காற்று காதை அறைந்தது. வழியில் அகத்தியம்பள்ளி. 1930இல் ராஜாஜி தடையை மீறி உப்பு அள்ளிய இடம். மழைக்கு முன் வாரிய உப்பு, கீற்று வேய்ந்த அம்பாரங்களாகக் கிடந்தது. பாத்திகளில் இன்னும் மழைத்தண்ணீர்.

சதுப்பின் விளிம்பில் இறங்கினால் உமரிச்செடி சிவந்து படர்ந்திருந்தது. நாலடி வைப்பதற்குள் வலது கால் செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. தொலைநோக்கியில் வெறும் கானல். வரப்பில் உட்கார்ந்திருந்த உப்பளப் பெரியவரிடம் கேட்டேன். வாடை ஓங்கினால் தண்ணீர் தெற்கே ஒதுங்கிவிடும், பறவையும் அதன் பின்னால் போய்விடும், காற்று அடங்கட்டும் தம்பி என்றார். நான் அங்கே இரண்டு நாள்தான் தங்குவதாக இருந்தேன். காற்றுக்கு அது தெரியாது.

சரி, கிடைத்ததைப் பார்ப்போம் என்று காலடியில் பார்த்தால் ஈரச் சேறு முழுக்கக் கொசு உள்ளான்கள். தையல் ஊசி ஓடுவதுபோல் குத்திக் குத்தி இரை எடுத்தன. ஒரு கைப்பிடி உப்பின் எடைகூட இராது. ஆர்க்டிக் கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கின்றன. இவற்றின் காலில் வளையம் மாட்டி வலசையைத் தொடரும் வேலையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

மாலையில் குழகர் கோயில். கடற்காற்று அறையும் கரையில் இப்படித் தனியே இருக்கிறீரே என்று சுந்தரர் இறைவனைக் கேட்ட தலம். பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறுவதையும் பதிகத்தில் சேர்த்திருக்கிறார். கோடியக்கரையின் முதல் பறவைக் குறிப்பு அதுதான் என்பது என் கட்சி.

மறுநாள் விடியலில் இலை அசையவில்லை. பெரியவர் சொன்னபடி தண்ணீர் திரும்பியிருந்தது, மெல்லிய தகடாக. அதன்மேல் பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீரில் தோய்த்து, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நகர்ந்தன. நின்றபோது வெளுப்பாகத் தெரிந்தவை, இறக்கை விரித்ததும் உள்ளிருந்து செம்மை பளீரிட்டது.

எண்ணத் தொடங்கினேன். நானூறைத் தாண்டியபோது மொத்தக் கூட்டமும் எழும்பி இடம் மாறி உட்கார்ந்தது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.