சாவி எங்க வெச்சேன்?

அக்டோபர் 4, சனி

பத்தே முக்காலுக்கு வந்தான். ஒரு ஷூ வாசலில், இன்னொன்று கூடத்தின் நடுவில். அது எப்போதும் அப்படித்தான். நேரே போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்து, தள்ளி நின்றபடியே "குட்நைட்மா" என்றான். ராத்திரி பல் தேய் தேய் என்று பத்து வருஷமாகக் கத்தித் தொண்டை வறண்டவள் நான். இன்று தானாகத் தேய்த்திருக்கிறான். அப்போதே புரிந்துவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

கேட்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

கேட்டேன். "எல்லாரும் குடிச்சாங்கம்மா." நீ எவ்வளவுடா? "எண்ணல." பொய் இல்லை என்றே நினைக்கிறேன். நாலு சாமான் வாங்க அனுப்பினால் இரண்டோடு திரும்புகிறவன் எதை எண்ணியிருக்கப் போகிறான்.

"அந்தப் பசங்களோட சேர்றதை நிறுத்தச் சொல்லு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார் இவர். சொல்லு. நான்தான் சொல்ல வேண்டும், எப்போதும் போல.

அக்டோபர் 9, வியாழன்

தூக்கம் இல்லை. ஒரு மணி வரை போனில் படித்துக்கொண்டிருந்தேன். 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்று இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். திரையில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் கூடுதலாகத் துணிந்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை.

அது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது. இவனை மாதிரி ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமல், துறுதுறுவென்று, யோசிக்காமல் செய்துவிடும் குறைபாடு) உள்ள பிள்ளைகளைப் பற்றி 2003இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. தப்பான சேர்க்கையில் போய் விழுவதும் இவர்களிடம் அதிகமாம், விழுந்தபின் அந்தச் சேர்க்கை இழுக்கிற இழுப்பும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாம்.

ஏன் அங்கே போய் விழுகிறார்கள் என்பதை எனக்கு யாரும் ஆராய்ந்து சொல்ல வேண்டாம். மூன்றாம் வகுப்பில் பிறந்தநாளுக்கு ஏழு பேரைக் கூப்பிட்டோம், ஒருத்தன் வந்தான். முறை வருமுன் பந்தைப் பிடுங்குவான், பாதிப் பேச்சில் குறுக்கே விழுவான், தோற்றால் ஆட்டத்தையே கலைப்பான். "நல்ல" பையன்கள் ஒருவரும் இவனைத் தேடி வந்ததில்லை. இவர்கள் வருகிறார்கள். சனிக்கிழமை ஆனால் போன் அடிக்கிறது. அந்த மணி அடிக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தவள் நான்.

அதை எப்படி நிறுத்தச் சொல்வது?

அக்டோபர் 11, சனி

அவனுடைய ஏ.டி.எச்.டி. மாத்திரை அட்டையில் 7 இருக்க வேண்டும். 8 இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

மறுபடி எண்ணினேன். மாத்திரை கொடுத்துக் கொடுத்துத்தான் பிள்ளைக்குப் போதை ருசி வந்துவிட்டது என்கிறார் அத்தை. பதில் சொல்லாமல் துணி மடித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் இருபது நிமிஷம் பேசினார். திரும்பி வரும் வழியில் அவனே சொன்னான்: "மாத்திரையோட குடிக்கக் கூடாதுன்னு சொன்னாருல்லம்மா. அதான் சனிக்கிழமை மட்டும் போடல."

சிரிப்பதா அழுவதா. என் பிள்ளை ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான்!

மது அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், மருந்தோ போதையை மறைத்து எவ்வளவு குடித்தோம் என்று தெரியாமல் செய்துவிடும், அதனால்தான் சேர்க்கக் கூடாது என்றாராம். ஆனால் மாத்திரை போடாத நாளில் இவனுக்குப் பிரேக்கே கிடையாதே. அத்தை சொன்னதையும் டாக்டரிடம் கேட்டேன். மாத்திரையால் பின்னாளில் குடிப்பழக்கம் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து சத்தமாகச் சொன்னேன்.

அக்டோபர் 16, வியாழன்

அந்தக் கூட்டத்துப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வெறுக்கத் தயாராக இருந்தேன். ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான். என் மகன் ஒரே கதையை மூன்றாவது தடவை சொல்கிறான், அவன் மூன்றாவது தடவையும் சிரிக்கிறான். ஊற்றிக் கொடுக்கிறவனும் இந்தப் பையன்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

"மாத்திரை சாப்பிடறேன், வேணாம்னு சொல்லேன்டா" என்றேன். முறைத்தான். அவர்களுக்கு மாத்திரை விஷயமே தெரியாதாம். தெரியவும் கூடாதாம்.

கடைசியில் ஒன்று முடிவானது. கிளம்பி வந்துவிடத் தோன்றினால் "சாவி எங்க வெச்சேன்?" என்று எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். நான் போய் நிற்பேன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். இவன் வாரத்துக்கு மூன்று முறை சாவி தொலைக்கிறவன், யாருக்கும் சந்தேகம் வராது. அவன் யோசனைதான். நாளை மாத்திரையும் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

அக்டோபர் 18, சனி

காலையில் எண்ணினேன். சரியாக இருந்தது.

9.40. மெசேஜ்: "அம்மா சாவி எங்க வெச்சேன்"

கொக்கியில் பார்க்கிறேன், அவன் சாவி அங்கேயே தொங்குகிறது. நிஜமாகவே மறந்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

கிளம்புகிறேன்.