ராத்தாவின் 9 மணி போன்

இரத்தப் புற்றுநோய் என்று சொன்ன அன்று, மதுரையிலிருந்து பாம்பன் வந்து சேரும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. சி.எம்.எல். என்கிற, மெதுவாக வளர்கிற வகை, அதற்கான இமாடினிப் மாத்திரை தினமும் போடணும், நாமாக நிறுத்தவே கூடாது என்றார்கள். அடுத்த முறை, இரத்தத்தில் நோய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு வரிசையில் நின்றபோதுதான் கீழக்கரை ராத்தாவை (அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பார்த்தேன், அவருக்கும் இதே நோய், 4 வருஷமாக. "சாப்பாட்டோட போடு, பெரிய டம்ளர் நிறைய தண்ணி குடி, குமட்டல் குறையும்" என்றார். அன்றிலிருந்து தினமும் ராத்திரி 9 மணிக்கு போன். "மாத்திரை போட்டியா புள்ள?" அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

என்னோடு கடல்பாசி எடுக்க வருகிற பெண்களிடம் 6 மாதம் கழித்துத்தான் சொன்னேன். தொத்துமா என்று ஒருத்தி கேட்டாள். தொத்தாது என்றேன். சரி என்று என் தூக்குவாளியிலிருந்தே கஞ்சியை ஊற்றிக் குடித்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது கால் இழுத்துப் பிடிக்கிற நாளில் (இந்த மாத்திரைக்கு அப்படி ஆகும்) என்னை ஆழத்துக்கு விடுவதில்லை, கரையில் பாசி காயவைக்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஆளுக்கு ஒரு கை அள்ளி என் குவியலில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

போன வாரம் மதுரைக்கு, தொத்துமா என்று கேட்டாளே, அவள்தான் துணைக்கு வந்தாள், ராத்தாவுக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டோடு.