கால் சூடு

மார்ச் 29, 2025, சனி

அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். இடது இடுப்பு.

மார்ச் 30, ஞாயிறு

தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிவு. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் நல்லதாம். ஆனால் சோடியம் குறைவாக இருக்கிறது, ஏறினால்தான் மயக்க மருந்து கொடுப்பார்களாம். நாளை ரம்ஜான், பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அப்பா எதையும் கேட்கவில்லை. துணி மாற்ற நர்ஸ் பச்சைத் திரையை இழுத்தபோது மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஸ்கிரீன் எதுக்கும்மா? ஸ்கிரீன் வேணாம்னு சொல்லு." அந்தப் பெண் சிரித்தபடி, "வெட்கப்படாதீங்க தாத்தா" என்றாள்.

வெட்கம் இல்லை அது.

மார்ச் 31, திங்கள்

சோடியம் 121.

ஏப்ரல் 1, செவ்வாய்

126. இன்னும் போதாதாம்.

காத்திருப்பு அறையில் ராத்திரி முழுக்க போனில் குதிரைக் காலைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் இடுப்பைப் பற்றி இதுவரை ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தைரியம் இல்லை.

குதிரையின் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. நானூற்றைம்பது கிலோ உடம்பு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது ஒரு நொடியில் மொத்தப் பாரமும் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. முறிந்தால் பெரும்பாலும் சிதறிவிடும், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வரும். கட்டுப் போட்டாலும் அது படுத்துக் கிடக்கிற பிராணி இல்லை. மூன்று காலில் நின்றால் நல்ல காலின் குளம்பு உள்ளுக்குள் பிரிய ஆரம்பிக்கும்.

பார்பரோ என்ற குதிரை 2006இல் கென்டக்கி டெர்பி ஜெயித்தது. இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் போயிற்று. பென்சில்வேனியாவில் தகடு வைத்து இருபத்தேழு திருகாணி போட்டார்கள். எட்டு மாதம் பார்த்தார்கள். அந்தக் கால் கூடி வந்தது, இடது கால் குளம்பு போய்விட்டது. 2007 ஜனவரி 29 அன்று ஊசி போட்டுவிட்டார்கள்.

பணம் இருந்தது, மனசும் இருந்தது, உலகத்திலேயே சிறந்த டாக்டர்களும் இருந்தார்கள். ஆகவே 'காலை உடைத்துக்கொண்டால் சுட்டுவிடுவார்கள் பாவிகள்' என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தது பாதிதான் சரி. உடைந்த பிறகு கருணை என்பது அநேகமாக அந்த ஊசிதான். கேள்வி உடைவதற்கு முன்னால் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

ஆபரேஷன் முடிந்தது. இரண்டு மணி நேரம். காபி குடித்தேன், எந்தக் கடை என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்ததும் அப்பா வேறு ஆளாக இருந்தார். கையில் இருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிந்தார், எழுந்து போகப் பார்த்தார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இந்தக் குழப்பம் வருமாம், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடுமாம்.

ருஃபியன் என்ற குதிரை. 1975. நியூயார்க்கில் இரண்டே குதிரை ஓடிய போட்டியில் கால் முறிந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் படுத்தபடியே ஓட ஆரம்பித்து, போட்ட கட்டையும் காலையும் தானே உடைத்துக்கொண்டது. அதற்குப் பந்தயம் இன்னும் முடியவில்லை. இதை ஏன் முந்தாநாள் படித்துத் தொலைத்தேன்?

மாலையில் கொஞ்சம் அடங்கினார். கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த என் முன்னங்காலை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். விரல்கள் ஓர் இடத்தில் நின்றன. "சூடு கீது பாரு" என்றார். "சொல்லிடு."

ஏப்ரல் 4, வெள்ளி

எனக்கு அந்தக் கை தெரியும்.

அப்பா சைஸ், அதாவது பந்தயக் குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆள். சைஸ் விடியற்காலை நாலரைக்கு லாயத்துக்குள் போனதும் செய்கிற முதல் வேலை அதுதான். தண்ணீர், கொள்ளு, தேய்ப்பு எல்லாம் அப்புறம். முதலில் குனிந்து நாலு காலையும் தடவ வேண்டும். நேற்றைவிடச் சூடாக இருக்கிறதா, லேசாக வீங்கியிருக்கிறதா. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டியதில்லை, உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

கிண்டி ரேஸ் மைதானத்தில்தான் வேலை. சீசனுக்குச் சீசன் குதிரையோடு லாரியில் ஊர் ஊராகப் போவார். நான் ஏழாவது படித்தபோது வெளியூர் சீசனுக்குப் போனவர் பாதியிலேயே தகரப்பெட்டியோடு திரும்பி வந்தார். மூன்று நாள் பேசவில்லை. "பொண்ணு போச்சு" என்று அம்மாவிடம் சொன்னதைக் கேட்டு நானும் தம்பியும் யாரோ சொந்தக்காரப் பெண் செத்துவிட்டாள் என்று நினைத்தோம். அதற்குப் பந்தயப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அப்பா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. மூன்று வயது. திருப்பத்தில் முன்னங்கால். திரையை விரித்து மறைத்துவிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அடுத்த ரேஸுக்கு டிக்கெட் எடுக்க வரிசை.

அம்மா சொன்ன கதைப்படி, அப்பா காலையிலேயே கால் சூடாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். "நீ என்ன டாக்டரா? ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்களாம். எங்கள் வீட்டில் 'அப்புறம் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் அம்மா எழுந்து போய்விடுவாள்.

2017 ஜனவரியில் மெரினாவில் நானும் நின்றேன். காளைக்குத் தடை, குதிரை ரேஸுக்கு இல்லையா என்று அட்டை பிடித்தேன். கேள்வி நியாயமானதுதான், இப்போதும் கேட்பேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, "நல்ல கையெழுத்து" என்றார். அந்தக் கையெழுத்துக்கு ஃபீஸ் கட்டியது எந்தக் காசு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 5, சனி

தெளிந்துவிட்டார். காலையில் வாக்கர் பிடித்து ஆறடி நடந்தார். "கிராண்ட் நேஷனல் இன்னைக்குதான?" என்றார். என்னவோ போங்கள்.

ராத்திரி எட்டரைக்கு போனில், சத்தமில்லாமல். லிவர்பூல் எய்ன்ட்ரீ மைதானம், நாலேகால் மைலுக்கு மேல், முப்பது வேலி. முன்பெல்லாம் நாற்பது குதிரை ஓடும். விழுவதும் சாவதும் அதிகம் என்று எதிர்ப்பு வலுத்து, போன வருஷம் 34 ஆகக் குறைத்தார்கள். வேலி தாண்டும் ஓட்டம் அப்பாவுக்குப் பிடிக்காது, "அது சர்க்கஸ்" என்பார். ஆனாலும் கண் எடுக்கவில்லை.

முன்னால் போய்க்கொண்டிருந்த பிராட்வே பாய் இருபத்தைந்தாவது வேலியில் தலைகுப்புற விழுந்தது. கழுத்து மடங்கிய விதத்தைப் பார்த்து நான் போனைத் திருப்பிவிட்டேன். அப்பா வாங்கித் திருப்பினார். பச்சைத் திரை.

ஜெயித்தது நிக் ராக்கெட். அப்புறம்தான் செலெப்ரே தாலன் என்ற பதின்மூன்று வயதுக் குதிரையும் கடைசியில் சரிந்தது என்று செய்தி வந்தது. பதின்மூன்று. எங்கள் ஊரில் அந்த வயதுக் குதிரை மெரினாவில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டிருக்கும். (அதுவும் பெரிய வாழ்வு இல்லை.)

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டும் தாமாகவே நடந்து வண்டியில் ஏறினவாம். சொன்னேன். "நடந்துச்சுன்னா பொழைச்சிக்கும்." பொதுவாகச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா தெரியவில்லை. டிவியில் பாம்பன் புதுப் பாலம்.

ஏப்ரல் 7, திங்கள்

சாப்பாட்டுக்கு அப்புறம், நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"சொல்லலம்மா."

"என்னப்பா?"

"சூடு இருந்துச்சு. கைக்குத் தெரிஞ்சுது. நான் சொல்லல."

அதற்கு முந்தின மாதம் இன்னொரு சைஸ் இதேபோலச் சொல்லி வேலையை விட்டு அனுப்பப்பட்டிருக்கிறான். ஜெயித்தால் சைஸுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜூன் மாதம் வந்துகொண்டிருந்தது, எனக்கும் தம்பிக்கும் ஃபீஸ். அம்மாவிடம் வேறு மாதிரி சொன்னாராம். அவளும் அப்படியே நம்பிச் செத்துப்போனாள்.

"விதிம்மா" என்று முடித்தார்.

விதியா? ராத்திரி மறுபடியும் போன். அந்த எலும்பு ஓடுகிற அன்றைக்குத் திடீரென்று உடைவதில்லை. செத்த குதிரைகளை அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதே இடத்தில் பழைய நுண் விரிசல் இருக்கிறது. வலி மருந்து கொடுத்தால் நொண்டல் மறையும், விரிசல் மறையாது. அமெரிக்காவில் 2009இல் ஆயிரம் ஓட்டத்துக்கு இரண்டு குதிரை செத்துக்கொண்டிருந்தன. போன வருஷம் புதிய தேசிய ஆணையத்தின் கீழ் வரும் மைதானங்களில் அது ஒன்றுக்கும் கீழே, 0.90. மெல்போர்ன் கப்பில் 2020இல் ஆன்தனி வான் டைக் என்ற குதிரை செத்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளுக்கு ஓடுவதற்கு முன் கால் ஸ்கேன் கட்டாயம். விதி பாதியாகக் குறையுமா? குறைந்த பாதி விதியாக இருந்ததே இல்லை. மீதியும் அப்படித்தானா என்று யார் சொல்வது? ஒன்றுகூடச் சாகாத பந்தயம் இல்லை என்றால், அந்த மிச்சக் கணக்கு எதற்காக? தொப்பிக்கும் கோப்பைக்குமா?

1974இல் இங்கே ரேஸைத் தடை செய்து சட்டம் வந்தது, 1996இல் உச்ச நீதிமன்றம் அது அதிர்ஷ்டம் அல்ல, திறமை என்று தீர்ப்புச் சொன்னது. இருபது வருஷ வழக்கு, சூதாட்டமா இல்லையா என்பதுதான் விஷயம். போன செப்டம்பரில் கிண்டிக்கு சீல் வைத்தபோதும் பேச்சு 160 ஏக்கர், 730 கோடி பாக்கி, வருஷ வாடகை 614 ரூபாய். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டது ஒன்றுதான்: "குதிரைங்களுக்கு யாரு தண்ணி காட்டுறா?"

ஏப்ரல் 8, செவ்வாய்

செலெப்ரே தாலன் செத்துவிட்டது. தேறிவந்ததாம், நேற்று ராத்திரி மோசமாகிவிட்டதாம். தெம்பே இல்லாத குதிரையை நிறுத்தாமல் ஓட்டியதற்கு ஜாக்கிக்குப் பந்தயத்தன்றே பத்து நாள் தடை விதித்திருந்தார்கள். பத்து நாள்.

அப்பா கேட்டார். நல்லாயிருக்காம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

வீடு. கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டாயிற்று. பில்லைப் பற்றி எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். பால்குடம் தெருவழியே போனது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நடக்க மாட்டேன் என்று அடம்.

ஏப்ரல் 12, சனி

நடக்கவில்லை. தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்து, "ரொம்பத் தொந்தரவு பண்ணாதே, மெதுவா நடக்கட்டும்" என்றான். அவனுக்கு அந்தச் 'சொல்லல' விஷயம் இன்னும் தெரியாது. சொல்வதா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாயங்காலம் எண்ணெய் தடவும்போது வலது கால். ஆபரேஷன் செய்யாத கால். கெண்டைச் சதை லேசாகத் தடித்த மாதிரி இருந்தது. இடதைத் தொட்டேன், மறுபடி வலதைத் தொட்டேன். என் கை அப்பாவின் கை இல்லை. எண்ணெய் தேய்த்த சூடாகவும் இருக்கலாம்.

அவருடைய கையை எடுத்து அங்கே வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நாளைக்கு வருஷப் பிறப்பு, டாக்டர் லீவு, செவ்வாய்க்கிழமை ஓபிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். சூடாக இருக்கிறது என்றேன். காய்ச்சலா மேடம் என்றார்கள். காய்ச்சல் இல்லை, கால் சூடாக இருக்கிறது.

ராத்திரி 9.40. ஆட்டோ வந்துவிட்டது, கீழ்வீட்டுப் பையன் தூக்க வருகிறான். வேறு ஆஸ்பத்திரி